ஆறு பேர், நான்கு துணிக்கடை: எந்த மாதிரியில் மென்பொருள் எழுதுவது?

தம்பி கேட்டது இது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆறு பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனம். கைக்கு வந்திருக்கும் வேலை, நான்கு கிளைகள் உள்ள ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங், சரக்கு இருப்பு, வரி வாரியத்துக்கு மின்னணு வடிவில் போகும் இ-இன்வாய்ஸ் மூன்றும் சேர்ந்த மென்பொருள். மூன்று கிளை தலைநகர் வட்டாரத்தில், ஒன்று பினாங்கு லிட்டில் இந்தியாவில். கடை முதலாளி "மொத்தம் எத்தனை வெள்ளி, எப்ப முடியும், எழுதிக் குடுங்க" என்கிறார். உங்கள் பாஸ் "நாம அஜைல் டீம்" என்கிறார், அதாவது கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, காட்டி, திருத்திக்கொண்டு போகிறவர்கள். டிப்ளோமாவில் படித்த குறிப்பேட்டில், மென்பொருள் வேலையை எந்த வரிசையில் செய்வது என்று சொல்லும் மாதிரிகள் இருக்கின்றன: வாட்டர்ஃபால், வி-மாடல், ஸ்பைரல், ஆர்ஏடி, ஸ்க்ரம் என்று ஓர் அட்டவணை, ஒவ்வொன்றுக்கும் நிறை, குறை. இதில் எதை எடுப்பது? கூடவே ஒரு துணைக் கேள்வி: பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மருத்துவக் கருவி நிறுவனம் வேலைக்குக் கூப்பிடுகிறது, அங்கே இன்னும் வி-மாடல்தானாம், போனால் பின்தங்கிவிடுவேனா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜவுளிக்கடை வேலை முழுவதற்கும் ஒரே மாதிரி பொருந்தாது. பில் போடும் திரைகளை இரண்டு வாரச் சுற்றுகளில் செய்யுங்கள். இ-இன்வாய்ஸ் இணைப்பை எல்லாவற்றுக்கும் முன்னால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய சரக்குக் கணக்கைப் புதியதற்கு மாற்றும் வேலையை மட்டும் பழைய பாணியில், தேதி போட்டு, ஒத்திகை பார்த்துச் செய்யுங்கள். கடை ஓடத் தொடங்கியதும் ஸ்பிரிண்ட் என்னும் அந்தச் சுற்றுகளை விட்டுவிட்டு, கையில் இருக்கும் வேலைக்கு வரம்பு வைக்கும் கான்பானுக்கு மாறிவிடுங்கள். பாயான் லெப்பாஸ் வேலை கிடைத்தால் தாராளமாகப் போங்கள். வி-மாடல் பழசு என்று உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி காரணங்கள்.

நிறை-குறை அட்டவணை பரீட்சைக்கு உதவும், வேலைக்கு உதவாது. "எளிமையானது" என்று ஒரு கட்டத்தில் போட்டிருக்கும். யாருக்கு எளிமை என்று போட்டிருக்காது. ஒரு வேலை வந்தால் நான் பார்ப்பது இரண்டு விஷயம். நாம் செய்தது தப்பு என்று நமக்கு எப்போது தெரியவரும்? தெரிந்த பிறகு அதைத் திருத்த எவ்வளவு செலவாகும்? பில் திரையில் பொத்தான் தப்பான இடத்தில் இருந்தால் காசாளர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார், சாயங்காலத்துக்குள் மாற்றிவிடலாம். நோயாளியின் நரம்பில் மருந்து ஏற்றும் பம்பின் உள்ளே இருக்கும் நிரலில் தப்பு என்றால், அது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரியவரலாம். தெரிந்தால் கருவிகளைத் திரும்ப வாங்க வேண்டும், கண்காணிப்பு அமைப்புக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அதற்குள் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கலாம். கோலாலம்பூரில் கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி ரயில் 1998-லிருந்து ஓட்டுநர் இல்லாமலே ஓடுகிறது. அந்த சமிக்ஞை நிரலை யாராவது "முதலில் விடுவோம், அடுத்த ஸ்பிரிண்டில் சரிசெய்வோம்" என்று எழுதியிருந்தால் நீங்கள் ஏறுவீர்களா?

உங்கள் அட்டவணையில் உள்ள எல்லா மாதிரிகளும் இந்த இரண்டு கேள்விகளுக்கு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்கள் சொன்ன பதில்கள். அப்படிப் பார்த்தால் சண்டை பாதி குறைந்துவிடும்.

வாட்டர்ஃபாலை எடுத்துக்கொள்வோம். தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை, ஒப்படைப்பு என்று மேலிருந்து கீழே இறங்கும் அந்தப் படத்தை 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் வரைந்தார். இது எல்லாக் குறிப்பேட்டிலும் இருக்கும். குறிப்பேட்டில் இல்லாதது, படத்தை வரைந்த கையோடு அவர் எழுதியது: கருத்து எனக்குப் பிடித்ததுதான், ஆனால் இதை அப்படியே செயல்படுத்துவது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும். சோதனை கடைசியில் வருவதால் பெரிய தப்புகள் கடைசியில்தான் தெரியும் என்று காரணமும் சொன்னார். புதுவகை மென்பொருளாக இருந்தால் ஒருமுறை சின்ன அளவில் செய்து பார்த்துவிட்டு, வாடிக்கையாளருக்குக் கொடுப்பது இரண்டாவது பதிப்பாக இருக்கட்டும் என்று பரிந்துரைத்தார். அந்தக் கட்டுரையில் "வாட்டர்ஃபால்" என்ற பெயரே கிடையாது. ஆக, அதை எழுதியவரே எச்சரித்த ஒன்றை நாம் அவர் பெயரிலேயே பாடமாக வைத்திருக்கிறோம்.

அப்புறம் எப்படி இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறது? 1985-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கொண்டுவந்த 2167 என்ற தரம் ஏறக்குறைய அந்த வரிசையைத்தான் ஒப்பந்தக்காரர்களிடம் எதிர்பார்த்தது. 1994-ல் அதற்குப் பதிலாக வந்த தரத்தில் பிடி தளர்ந்தது, ஆனால் அதற்குள் உலகம் முழுக்க டெண்டர் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் வந்துவிட்டது. நம் ஊரிலும் பாருங்கள். தேவை ஆவணத்தில் கையெழுத்தானால் ஒரு பங்கு பணம், வடிவமைப்பு ஆவணத்துக்கு ஒரு பங்கு, வாடிக்கையாளரே ஓட்டிப் பார்த்து ஏற்கும் யுஏடி சோதனை முடிந்தால் ஒரு பங்கு, உத்தரவாதக் காலம் முடிந்தால் மீதி. என்னைக் கேட்டால் வாட்டர்ஃபால் இன்று மென்பொருள் எழுதும் முறையாக இருப்பதைவிடப் பணம் பட்டுவாடா செய்யும் முறையாகத்தான் அதிகம் இருக்கிறது. உள்ளே நீங்கள் எந்த மாதிரியில் வேலை செய்தாலும், பணம் இப்படி வந்தால் உங்கள் புராஜெக்ட் இந்த வடிவத்துக்குத்தான் வந்து நிற்கும். அதனால்தான் உங்கள் பாஸிடம் "எந்த மாதிரி?" என்று கேட்பதற்கு முன்னால் "ஒப்பந்தத்தில் பணம் எப்போது வருகிறது?" என்று கேட்கச் சொல்கிறேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

அதற்காக வாட்டர்ஃபாலை முழுக்கத் தூக்கிப்போட வேண்டாம். என்ன வேண்டும் என்பது முன்கூட்டியே முழுசாகத் தெரிந்த, பாதியில் மாறாத, ஒரே தடவை செய்கிற வேலை என்று சில உண்டு. பழைய கணக்கை மாற்றுவது அப்படிப்பட்ட வேலை. அங்கே வரிசைதான் பாதுகாப்பு.

வி-மாடலைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் அநியாயத்துக்குக் கெட்ட பெயர் வாங்கியது. பலரும் இதை "வாட்டர்ஃபாலை நடுவில் மடக்கியது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இதன் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கில V எழுத்துபோல் வரையும் படம் இது; இடது பக்கம் ஒவ்வொரு படியிலும் ஒன்றை எழுதும்போதே, வலது பக்கம் அதைச் சோதிப்பது எப்படி என்பதையும் எழுதிவிட வேண்டும். "பம்பு அடைபட்டால் எச்சரிக்க வேண்டும்" என்று தேவையில் எழுதினால், எத்தனை நொடிக்குள், எந்த அழுத்தத்தில், எப்படி அளப்பது என்று அன்றைக்கே கேள்வி வந்துவிடும். சோதிக்க முடியாத வாக்கியத்தைத் தேவை என்று எழுதவே முடியாது. பிறகு ஒவ்வொரு தேவைக்கும் ஒரு எண், அந்த எண் வடிவமைப்பில் எங்கே வருகிறது, நிரலில் எங்கே, எந்தச் சோதனை அதைப் பார்க்கிறது என்று நூல் பிடித்ததுபோல் காட்ட வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி "காட்டுங்கள்" என்பார். காட்டியாக வேண்டும்.

மருத்துவக் கருவி மென்பொருளுக்கு ஐஇசி 62304 என்ற உலகத் தரம் இருக்கிறது, 2006-ல் வந்தது. மென்பொருள் கெட்டால் யாருக்கும் காயம் வராது என்றால் ஏ வகுப்பு, கடுமையில்லாத காயம் வரலாம் என்றால் பி, உயிர் போகலாம் அல்லது கடுமையான காயம் ஏற்படலாம் என்றால் சி. வகுப்பு ஏற ஏற ஆவணமும் சோதனையும் கூடும். பலர் கவனிக்காதது, இந்தத் தரம் எந்த மாதிரியையும் கட்டாயப்படுத்தவில்லை. படிப்படியாகச் செய்யலாம், சுற்றுச் சுற்றாகச் செய்யலாம்; செய்யவேண்டியவை செய்யப்பட்டனவா, அதற்குச் சான்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மருத்துவக் கருவிக்கு அஜைல் முறையை எப்படிப் பொருத்துவது என்று 2012-லேயே அமெரிக்காவில் டிஐஆர்45 என்ற வழிகாட்டி வந்துவிட்டது. ஆக பாயான் லெப்பாஸில் "நாங்கள் வி-மாடல்" என்று சொல்கிறவர்கள் உள்ளே இரண்டு வாரச் சுற்றில் வேலை செய்துகொண்டு, வெளியே தணிக்கைக்கு வி வடிவத்தில் காட்டுகிறவர்களாகவும் இருக்கலாம். அதில் பொய்யும் இல்லை, தப்பும் இல்லை.

அங்கே இன்னொரு காரணமும் உண்டு, இதைக் கோலாலம்பூர் வெப் ஆட்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். இன்டெல் 1972-ல் வந்து இறங்கிய நாளிலிருந்து பாயான் லெப்பாஸ் வன்பொருள் ஊர். சர்க்யூட் போர்டு ஒன்றை மாற்றி வடிவமைத்து, செய்து வாங்கி, பொருத்திப் பார்ப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். போர்டே வராத இரண்டு வாரத்தில் எதை டெமோ காட்டுவது? அப்படிப்பட்ட இடத்தில் ஸ்பிரிண்ட் நடத்த ஆசைப்பட்டால் முதலில், போர்டுக்குப் பதிலாக நின்று நடிக்கும் சிமுலேட்டருக்குச் செலவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் வேலைகளை மஞ்சள் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினால் சுவர்தான் அழுக்காகும்.

ஸ்பைரல் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பேரி போம் 1986-ல் முன்வைத்து 1988-ல் விரிவாக எழுதியது. யாரும் இன்று "நாங்கள் ஸ்பைரல் டீம்" என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் அதன் மையக் கேள்வி தங்கம்: இந்த வேலையைக் கவிழ்க்கக்கூடியது எது, அதை முதலில் செய்து பார். ஆர்யூபி, ஆர்ஏடி போன்ற மற்ற மாதிரிகளைப் பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுங்கள். அவற்றில் நல்லதை மற்றவை எடுத்துக்கொண்டுவிட்டன.

அஜைலுக்கு வருவோம். 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் பதினேழு பேர் கூடி நான்கு மதிப்புகளும் பன்னிரண்டு கொள்கைகளும் எழுதினார்கள். அது ஒரு செயல்முறை மாதிரியே கிடையாது, ஒரு நிலைப்பாடு. "நாங்கள் அஜைல்" என்று மட்டும் சொன்னால் திங்கட்கிழமை காலையில் யார் என்ன செய்வது என்று தெரியாது. அதைச் சொல்கிற முறைகளில் ஒன்றுதான் ஸ்க்ரம். அது அந்தக் கூட்டத்துக்கும் முந்தியது; ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் 1995-லேயே அதை மாநாட்டில் வைத்துவிட்டார்கள். கென்ட் பெக்கின் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் 1996 வாக்கில் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளப் பட்டுவாடா மென்பொருளில் உருவானது. அந்தப் புராஜெக்ட் பின்னால் கைவிடப்பட்டது, ஆனால் அதிலிருந்து வந்த பழக்கங்கள், முதலில் சோதனை எழுதுவது, அடிக்கடி ஒன்றுசேர்த்துப் பார்ப்பது, இன்று எல்லா டீமிலும் இருக்கின்றன.

ஸ்க்ரமின் விதிகள் கொஞ்சம்தான். ஒரு மாதத்துக்கு மேற்படாத சுற்று, தினமும் பதினைந்து நிமிடச் சந்திப்பு, எது முக்கியம் என்று முடிவு செய்ய ஒரே ஒரு புராடக்ட் ஓனர், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உண்மையாகவே ஓடுகிற ஏதோ ஒன்று. நம் ஆபிஸ்களில் இதில் எளிதான இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். தினசரி சந்திப்பு நடக்கும், அது முக்கால் மணி நேரம் போகும், பாஸ் நடுவில் நிற்பார், ஒவ்வொருவரும் அவரைப் பார்த்து ஒப்பிப்பார்கள். ஸ்பிரிண்ட் நடக்கும், ஆனால் முதல் ஸ்பிரிண்ட் தேவை, இரண்டாவது வடிவமைப்பு, கடைசி ஸ்பிரிண்ட் டெஸ்டிங் என்று இருக்கும். அது வாட்டர்ஃபாலேதான், நடுநடுவில் கோடு போட்டது. விட்டுவிடுகிற இரண்டுதான் கஷ்டமானவை: புராடக்ட் ஓனர், ஓடுகிற மென்பொருள்.

உங்கள் வேலையில் புராடக்ட் ஓனர் யார்? இதை இந்த வாரமே முடிவு செய்யுங்கள். முதலாளிக்கு அதிகாரம் உண்டு, நேரம் கிடையாது, கவுன்டரில் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருக்கும். அவர் மகன் படித்தவர், ஆர்வமாக வருவார், ஆனால் அப்பாவைக் கேட்காமல் எதற்கும் சரி சொல்ல மாட்டார். கடையில் உண்மையில் எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், பெரும்பாலும் பழைய கணக்கப்பிள்ளை அல்லது மூத்த காசாளர் அக்கா. அவர்களிடம் நேராகக் கேட்டாலும் வராது, செய்து காட்டினால்தான் வரும்.

நான் வேலை செய்த ஒரு ஜவுளிக்கடையில் தேவை ஆவணத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. கணக்கப்பிள்ளையிடம் முன்பு கேட்டபோது "சரக்கு இருப்பு சரியா வந்தா போதும்" என்பதோடு முடித்துக்கொண்டார். இரண்டாவது டெமோவில் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து உள்ளே போய், ரவிக்கைத் துணி ரோல் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதுல ஒண்ணேகால் மீட்டர் இருக்கு. இது உங்க சிஸ்டத்துல எங்க வரும்?" திரையில் எண்ணிக்கைக் கட்டம் முழு எண்ணை மட்டுமே ஏற்றுக்கொண்டது. அதைத் தசமமாக மாற்றுவது சின்ன விஷயம். ஆனால் அவர் நிறுத்தவில்லை. ரோலில் 20 மீட்டர் என்று சீட்டு இருக்கும், வெட்டி முடித்தால் 20.3 வரும், அப்போது இருப்பு மைனஸில் போகுமே? ஒன்றரை மீட்டருக்குக் கீழே வந்தால் அந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள், துண்டுத் துணிக் கூடையில் வேறு விலையில் போகும், அதற்கு பார்கோடு எது? இதெல்லாம் தரவுத்தள வடிவத்தையே தொடுகிற கேள்விகள். ஆறு மாதம் கழித்து யுஏடியில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது டெமோவில் வந்ததால் ஒரு வார வேலையோடு முடிந்தது.

ஸ்க்ரம் வேலை செய்வது இதனால்தான். மனிதர்களுக்குத் தங்கள் வேலை தெரியும், ஆனால் அதைக் கேட்டால் சொல்லத் தெரியாது. தப்பானதைக் காட்டினால் உடனே தெரிந்துவிடும். ஆகவே காட்டுவதற்கு ஒன்று சீக்கிரம் வேண்டும், அதைச் சரியான ஆள் பார்க்க வேண்டும். அந்த ஆள் உங்கள் ஆபிஸுக்கு வரமாட்டார். நீங்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள், கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் மட்டும் ஒருமுறை சும்மா போய் கவுன்டர் பக்கத்தில் நின்று பாருங்கள். காசாளரின் வலது கை நம்பர் கட்டத்தை விட்டு நகராது, மௌஸைத் தொடவே மாட்டார். உங்கள் அழகான திரையில் மௌஸ் கட்டாயம் என்றால் அன்றைக்கு வரிசை வாசலைத் தாண்டும்.

இ-இன்வாய்ஸை முதலில் செய்யச் சொன்னது ஸ்பைரல் கேள்வியால். உங்கள் மென்பொருளில் உங்கள் கையில் இல்லாத பகுதி அது ஒன்றுதான். வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்புக்கு இன்வாய்ஸை எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் வடிவில் அனுப்ப வேண்டும். அது சரிபார்த்து ஒரு தனி எண் கொடுக்கும். ஏற்றுக்கொள்ளப்பட்ட இன்வாய்ஸை ரத்து செய்ய 72 மணி நேரம்தான். அதைத் தாண்டினால் கிரெடிட் நோட் போன்ற வேறொரு ஆவணம் போட வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இ-இன்வாய்ஸ் வாங்கிக்கொண்டு போன வாடிக்கையாளர் நான்கு நாள் கழித்து இரண்டு பட்டுப்புடவையைத் திருப்பிக் கொண்டுவந்தால் காசாளர் எந்தப் பொத்தானை அழுத்துவார்? அந்தக் கேள்விக்கு உங்கள் வடிவமைப்பில் இடம் இருக்க வேண்டும். இன்வாய்ஸ் கேட்காத சில்லறை வாடிக்கையாளர்களின் விற்பனையை மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் ஒருங்கிணைத்து அனுப்பலாம், ஆனால் 2026 தொடங்கியதிலிருந்து 10,000 ரிங்கிட்டைத் தாண்டும் ஒவ்வொரு விற்பனைக்கும் தனி இ-இன்வாய்ஸ் வேண்டும். கல்யாணப் பட்டு எடுக்கிற குடும்பம் அந்தத் தொகையை ஒரே மத்தியானத்தில் தொட்டுவிடும். வாரியம் சோதனைச் சூழல் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. திரை ஏதும் இல்லாமல், ஒரே ஒரு பொய் இன்வாய்ஸை முதல் வாரத்தில் அதற்கு அனுப்பிப் பாருங்கள். போனால் நிம்மதி. போகவில்லை என்றால் முதல் வாரத்திலேயே தெரிந்தது நல்லது.

இந்த விதிகள் நிலையாக நிற்கும் என்றும் நம்பாதீர்கள். இ-இன்வாய்ஸின் முதல் கட்டம் 2024 ஜூனில் என்று அறிவித்து ஆகஸ்ட் 1-க்குத் தள்ளினார்கள். சிறு வியாபாரிகளுக்கான விலக்கு வரம்பு 150,000 ரிங்கிட்டாக இருந்து 500,000 ஆகி, அதற்குப் பிறகும் உயர்ந்தது. அதற்கு முன்னால் ஜிஎஸ்டி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 2015 ஏப்ரல் 1-ல் 6 விழுக்காடு வந்தது, 2018 மே 16-ல் அறிவித்து ஜூன் 1-லிருந்து சுழியமாக்கினார்கள், செப்டம்பர் 1-ல் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்ப வந்தது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் இருந்தது ஒரு ஸ்பிரிண்டின் நீளம். வரி விகிதத்தை அமைப்புப் பக்கத்தில் தேதியோடு வைத்திருந்தவர்கள் அரை மணியில் மாற்றினார்கள். நிரலுக்குள் 6 என்று எழுதி வைத்திருந்தவர்கள் கடை கடையாக ஓடினார்கள். அந்த இரண்டு வகையினரிலும் வாட்டர்ஃபால் ஆட்களும் இருந்தார்கள், அஜைல் ஆட்களும் இருந்தார்கள். மாதிரியால் தீராத விஷயங்களும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கான்பான். டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்த யோசனையை டேவிட் ஆண்டர்சன் 2004-ல் மைக்ரோசாஃப்டில் ஒரு பராமரிப்புக் குழுவில் மென்பொருள் வேலைக்குப் பொருத்தினார். வேலைகளைப் பலகையில் பத்தி பத்தியாக ஒட்டுவது இதில் பெரிய விஷயம் கிடையாது. ஒரு நேரத்தில் இத்தனை வேலைதான் கையில் இருக்கலாம் என்ற வரம்புதான் விஷயம். கணக்கு எளிது: கையில் பன்னிரண்டு வேலை, வாரத்துக்கு மூன்று முடிகிறது என்றால், சராசரியாக ஒரு வேலை முடிய நான்கு வாரம். கையில் இருப்பதை ஆறாகக் குறைத்தால் இரண்டு வாரம், யாரும் வேகமாக வேலை செய்யாமலே. கடை ஓடத் தொடங்கியதும் போன் வந்துகொண்டே இருக்கும். பினாங்கு கிளையில் பிரிண்டர் நின்றுவிட்டது, மஸ்ஜித் இந்தியா கிளையில் தள்ளுபடி தப்பாக விழுகிறது. "அடுத்த ஸ்பிரிண்டில் பார்க்கலாம்" என்று அவர்களிடம் சொல்ல முடியாது. ஆறு பேரில் ஒருவரை வாரம் மாற்றி வாரம் இதற்கென்று ஒதுக்கி, மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும்.

இப்போது ஒப்பந்தம். முதலாளி மொத்தத் தொகை கேட்பதைத் தப்பு என்று நினைக்காதீர்கள். அவர் முன்பு யாரிடமாவது பணம் கொடுத்து ஏமாந்திருப்பார், பெரும்பாலும் ஏமாந்திருப்பார். "அஜைல், அதனால் விலை சொல்ல முடியாது" என்றால் அவர் காதில் விழுவது "எவ்வளவு வேண்டுமானாலும் கேட்போம்" என்பதுதான். இப்படிச் செய்யுங்கள். வேலையை மூன்று நான்கு கட்டமாகப் பிரித்து, முதல் கட்டத்துக்கு மட்டும் உறுதியான விலையும் தேதியும் கொடுங்கள்: ஒரு கிளை, பில்லிங், இ-இன்வாய்ஸ். மீதிக் கட்டங்களுக்கு மேல்வரம்பு எழுதுங்கள், முதல் கட்டம் முடிந்ததும் சரியான எண் தருவோம் என்று எழுதுங்கள். பணத்தை ஆவணத்துக்குக் கட்டாமல், கடையில் ஓடுகிற ஒன்றுக்குக் கட்டுங்கள். முன்பணம் மட்டும் விதிவிலக்கு, ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே. பிறகு ஒரு வரி, இதுதான் உயிர்: புதிதாக ஒன்று கேட்டால் அதே அளவுள்ள, இன்னும் தொடங்காத ஒன்றை எடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம், விலை மாறாது. முதலாளிக்கு இது புரியும். கொடுத்து வாங்கல் அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்கு கிளையையும் ஒரே நாளில் மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆபிஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் கிளைதான் முதல். பினாங்கு கடைசி. தீபாவளிக்கு ஆறு வாரத்துக்கு முன்னால் மாற்றங்கள் நின்றுவிட வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த நேரத்தில்தான் புது யோசனைகள் எல்லாம் வரும். பழைய சரக்குக் கணக்கை மாற்றும் இரவுக்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள்: எத்தனை மணிக்குக் கடை மூடுகிறது, யார் பழைய அமைப்பை நிறுத்துகிறார், எத்தனை வரிகள் வந்தால் சரி, எத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் பழையதற்கே திரும்புவது. அந்தத் தாளை வைத்து நிஜத் தரவோடு குறைந்தது இரண்டு தடவை ஒத்திகை. இந்த இடத்தில் "போகப் போகப் பார்த்துக்கொள்வோம்" என்று யாராவது சொன்னால் அவரை அன்றிரவு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் பாஸுக்காக ஒன்று. ஸ்பைரலை எழுதிய போமும் ரிச்சர்ட் டர்னரும் 2003-ல் எந்தப் புராஜெக்டுக்கு எவ்வளவு நெகிழ்வு, எவ்வளவு கட்டுப்பாடு என்று முடிவு செய்ய ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொன்னார்கள்: குழுவின் அளவு, தப்பின் விளைவு, தேவை மாறும் வேகம், ஆட்களின் அனுபவம், பண்பாடு. முதல் நான்கிலும் உங்கள் டீம் அஜைலுக்கு ஏற்றதாகவே தெரிகிறது, அனுபவம் மட்டும் கொஞ்சம் இடிக்கலாம். ஐந்தாவதுதான் நம் ஆபிஸ்களில் கவிழ்க்கிறது. பாஸ் முன்னால் "என்னால் முடியவில்லை, மாட்டிக்கொண்டேன்" என்று இளையவர்கள் சொல்ல மாட்டார்கள். "ஓகே பாஸ், தொண்ணூறு விழுக்காடு முடிந்தது" என்பார்கள், மூன்று வாரம் அதே தொண்ணூறில் நிற்கும். இதற்கு மருந்து பேச்சு கிடையாது. தினசரி சந்திப்பில் பாஸ் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வரட்டும், விழுக்காடு கேட்பதை நிறுத்தட்டும், "ஓட்டிக் காட்டு" என்று மட்டும் கேட்கட்டும். ஓடினால் முடிந்தது, ஓடாவிட்டால் முடியவில்லை. இந்த ஒரு மாற்றத்துக்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் ஸ்க்ரம் பயிற்சிக்குக் காசு செலவு செய்ய வேண்டாம்.

கடைசியாக பாயான் லெப்பாஸ். நேர்காணலில் "நீங்கள் எந்த மாதிரி பின்பற்றுகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் அழகான பதில் வைத்திருப்பார்கள். உங்கள் மென்பொருள் எந்த வகுப்பு, ஏயா, பியா, சியா என்று கேளுங்கள். நிரல் எழுதி எத்தனை நாளில் அது உண்மையான கருவியில் ஓடிப் பார்க்கப்படுகிறது என்று கேளுங்கள். சோதனை மேசை எத்தனை பேருக்கு ஒன்று, சிமுலேட்டர் உண்டா என்று கேளுங்கள். தேவைக்கும் சோதனைக்கும் உள்ள தொடர்பை ஒரு கருவியில் வைத்திருக்கிறார்களா, அல்லது தணிக்கைக்கு முந்தின மாதம் எல்லோரும் உட்கார்ந்து எக்செலில் நிரப்புகிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் சிரித்துக்கொண்டே ஒருவரையொருவர் பார்த்தால், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள்.